பௌர்ணமிக்குச் செந்தூர்க் கடலில் இறங்கும் முன்

பௌர்ணமிக்குப் பௌர்ணமி திருச்செந்தூர் போய், கடலில் முங்கி, நாழிக்கிணற்றில் குளித்து, ராத்திரி மணலில் தங்கி வருவது இப்போது தென் மாவட்டங்களில் பெரிய வழக்கமாகிவிட்டது. போகாதீர்கள் என்று சொல்ல நான் இதை எழுதவில்லை. எனக்கு அந்தக் கடல் பெரிய ஆறுதல் கொடுத்திருக்கிறது. அதே கடலில்தான் என் வலது கணுக்கால் உடைந்து, ஒரு லட்சத்துக்கு மேல் பணமும், ஒரு முகூர்த்த சீசன் வேலையும் போனது. துணைக்கு ஆள் இல்லாமல் ஈரப் புடவையோடு மணலில் கிடந்தபோது, இதில் பாதியையாவது யாராவது முன்னாடியே சொல்லியிருக்கக் கூடாதா என்று நினைத்தேன். தனியாகப் போகிற பெண்கள் நிறையப் பேரை அங்கே பார்த்திருக்கிறேன். அவர்களுக்காகத்தான் எழுதுகிறேன்.

மதுரையில் சின்னத் தையல் கடை வைத்திருக்கிறேன். அம்மா படுத்த படுக்கையாக இருந்த காலம் முழுக்க நான்தான் பார்த்துக்கொண்டேன். அவர் போன பிறகு தூக்கமே வரவில்லை. ராத்திரி ஒரு மணிக்கு முழிப்பு வந்துவிடும், அம்மா கூப்பிட்ட மாதிரியே இருக்கும். பிளவுஸ் தைக்கக் கொடுக்க வருகிற அக்கா ஒருத்தர், "ஏம்மா இப்படி வாடிப்போய்க் கெடக்க? பௌர்ணமி அன்னைக்குச் செந்தூர் போயிட்டு வா, மனசு லேசாகும்" என்றார். மாட்டுத்தாவணியில் பஸ் ஏறினால் தூத்துக்குடி வழியாக நாலைந்து மணி நேரம். முதல் தடவை போனபோது சாயங்காலம் ஆகியிருந்தது. அந்தக் கரை கிழக்கே பார்த்தது. பௌர்ணமி அன்று சூரியன் கோவிலுக்குப் பின்னால் இறங்குகிற நேரத்திலேயே நிலா கடலுக்குள் இருந்து ஏறும். முதலில் மங்கிய செம்பு நிறத்தில், விளிம்பு கலங்கித்தான் தெரிந்தது. மேலே வர வர வெளுத்து, தண்ணீரில் நம் காலடி வரைக்கும் ஒரு வெளிச்சப் பாதை விழுந்தது. மூன்று தடவை முங்கி எழுந்தேன். அம்மா போன அன்றைக்கு வராத அழுகை எல்லாம் அப்போது வந்தது. கடலில் அழுதால் யாருக்கும் தெரியாது. அன்றைக்கு ராத்திரி மணலில் துண்டை விரித்துப் படுத்தவள் விடியும் வரை அசையாமல் தூங்கினேன். அதனால்தான் திரும்பத் திரும்பப் போனேன். இதை மூடநம்பிக்கை என்று சொல்பவர்களோடு எனக்கு வாக்குவாதம் இல்லை. நான் தூங்கினேன், அது எனக்குப் போதும்.

நிலாவையும் தண்ணீரையும் சேர்த்துக் கும்பிடுவது நமக்குப் புதிதும் இல்லை. சித்ரா பௌர்ணமிக்கு அழகர் வைகையில் இறங்குகிறார். தைப்பூசப் பௌர்ணமிக்கு மாரியம்மன் தெப்பக்குளத்தில் மீனாட்சிக்குத் தெப்பம். மாசி மகத்துக்கு எத்தனையோ ஊர்களில் சாமியே கடலாடப் போகிறது. ஆடி அமாவாசை, தை அமாவாசை என்றால் எள்ளும் தண்ணீரும். செந்தூரில் கந்த சஷ்டி விரதமே ஐப்பசி அமாவாசைக்கு மறுநாள் தொடங்கி ஆறாம் நாள் கடற்கரையில் சூரசம்ஹாரத்தில் முடிகிறது. அங்கே முறை என்னவென்றால் முதலில் கடல், அப்புறம் நாழிக்கிணறு, உடை மாற்றிக்கொண்டு தரிசனம். நாழிக்கிணறு முருகன் வேலால் குத்தி வரவழைத்த ஊற்று என்பார்கள். கடல் எட்டிப் பார்க்கிற தூரத்தில் இருந்தும் அந்தத் தண்ணீர் கரிக்காது. மழைத் தண்ணீர் கடலோர மணலுக்குள் இறங்கி, கனமான உப்புத் தண்ணீருக்கு மேலே மிதந்து நிற்கும், அதனால்தான் இப்படி என்று பின்னால் ஒருவர் விளக்கினார். அதைக் கேட்ட பிறகு எனக்கு அந்தக் கிணற்றின் மேல் பக்தி கூடியது.

நடுவில் ஒரு விஷயம் சொல்ல வேண்டும். தெரிந்தவர் மூலமாக போனில் ஜாதகம் பார்க்கிற ஒருவரிடம் பேசினேன். பௌர்ணமிக் குளியலை இத்தனை மாதம் விடாமல் செய்ய வேண்டும், நடுவில் ஒன்று விட்டாலும் எல்லாம் வீண், முதலில் இருந்து தொடங்க வேண்டும் என்று சொல்லிவிட்டார். அதற்கு முன்னால் வரை எனக்கு ஆறுதலாக இருந்தது, அந்தப் பேச்சுக்குப் பிறகு கணக்காகிவிட்டது. காய்ச்சல் அடித்தாலும் போக வேண்டும், மழை என்றாலும் போக வேண்டும். உங்களுக்கும் இப்படி யாராவது எண்ணிக்கை சொன்னால், சொல்கிறவர் அதை முடித்துவைக்க என்ன கட்டணம் கேட்கிறார் என்று ஒரு தடவை பாருங்கள். என்னிடம் கேட்ட தொகையைப் பின்னால் சொல்கிறேன்.

ஆனிப் பௌர்ணமி. தென்மேற்குக் காற்று பலமாக அடித்த நேரம். ராத்திரி கூட்டத்தில் இறங்கவே இடமில்லை, விடிந்ததும் குளிக்கலாம் என்று காத்திருந்தேன். காலையில் பார்த்தால் கடல் நன்றாக உள்வாங்கி இருந்தது. வழக்கமாகத் தண்ணீருக்குள் இருக்கும் பாறைகள் பச்சைப் பாசியோடு வெளியே தெரிந்தன. பிள்ளைகள் அதன் மேல் ஏறி நின்று போட்டோ எடுத்துக்கொண்டிருந்தார்கள். முருகன் கடலை ஒதுக்கி வைத்திருக்கிறான் என்று ஒரு பாட்டி கன்னத்தில் போட்டுக்கொண்டார். தண்ணீர் தள்ளிப்போயிருந்ததால் எல்லோரும் போல நானும் இன்னும் உள்ளே போய்த்தான் முங்க வேண்டியிருந்தது. இடுப்பளவு தண்ணீர். கோபுரத்தைப் பார்த்துக் கைகூப்பியபடி, கடலுக்கு முதுகு காட்டி நின்றேன். அங்கே எல்லோரும் அப்படித்தான் நிற்பார்கள். முட்டிக்குப் பின்னால் ஒரு அலை வந்து அடித்தது. உடம்பு முன்னால் போனது, வலது கால் மணல் பள்ளத்தில் பாறைக்கு இடையில் மாட்டியிருந்தது. 'மடக்'கென்று ஒரு சத்தம். தண்ணீருக்குள் அது காதால் கேட்டதா, உடம்பால் கேட்டதா என்று இன்றைக்கும் தெரியவில்லை. எழுந்திருக்கப் பார்த்தேன், பாதம் வேறு பக்கம் திரும்பி நின்றது. அடுத்த அலை புடவையைக் காலோடு சுருட்டியது. பக்கத்தில் இருந்த கயத்தாறுக்காரக் குடும்பம் ஒன்று கத்திக் கூப்பிட, கடற்கரைப் பாதுகாப்புப் பணியில் இருந்த தம்பிகள் ஓடிவந்து தூக்கினார்கள்.

அதில் ஒரு தம்பி, காலுக்கு அட்டை வைத்துக் கட்டிக்கொண்டே சொன்னது எனக்கு அப்படியே நினைவிருக்கிறது. "அக்கா, பௌர்ணமியும் அமாவாசையும்தான் எங்களுக்குக் கால் ஒடிஞ்ச கேசு அதிகம். கூட்டமும் அன்னைக்குத்தான், கடல் ரொம்ப ஏறி ரொம்ப வத்துறதும் அன்னைக்குத்தான்." நாம் எந்த நாளைப் புனிதம் என்று தேடிப் போகிறோமோ, அந்த நாளில்தான் கடலின் அடி வேறு மாதிரி இருக்கிறது. அன்றைக்குச் சூரியனும் நிலாவும் பூமியும் ஒரே நேர்கோட்டில் நிற்கும். இரண்டின் இழுப்பும் சேர்ந்துகொள்வதால் கடல் மற்ற நாட்களைவிட மேலே ஏறும், மற்ற நாட்களைவிடக் கீழே இறங்கும். பௌர்ணமிக்கு மறுநாளும் அதற்கடுத்த நாளும்கூட இது இருக்கும், சில சமயம் அப்போதுதான் உச்சம். ஏறியதற்கும் வற்றியதற்கும் நடுவில் ஆறு மணி நேரத்துக்குச் சற்று அதிகம். தினமும் சுமார் 50 நிமிடம் தள்ளிப்போகும். அதனால் ஒரே ஊரில் பௌர்ணமிதோறும் ஏறக்குறைய அதே நேரத்தில்தான் கடல் வற்றும். செந்தூர்ப் பக்கம் ஏற்ற இறக்கம் ஒன்றும் ஆள் உயரத்துக்கு இல்லை. ஆனால் கரை சரிவு குறைவாக இருக்கிற இடத்தில் அந்தக் கொஞ்சம் குறைந்தாலே தண்ணீர் வெகுதூரம் தள்ளிப்போய்விடும். வழக்கமாக நாம் கால் வைக்காத பாறையிலும் பள்ளத்திலும் போய் நிற்போம். காற்று பலமாக இருந்தால் அலை குறைவதும் இல்லை.

அதனால் இப்போது நான் யாரிடமும் முதலில் சொல்வது இதைத்தான். கடல் உள்வாங்கியிருந்தால் அதன் பின்னால் போகாதீர்கள். வழக்கமாகக் குளிக்கிற இடத்திலேயே நின்று ஒரு சொம்பால் மொண்டு தலையில் ஊற்றிக்கொள்ளுங்கள். அலைக்கு முதுகைக் காட்டாதீர்கள். கோபுரத்தைக் கும்பிட வேண்டும் என்றால் கரைக்கு வந்து கும்பிடுங்கள். தண்ணீருக்குள் பக்கவாட்டில், கால்களை அகட்டி, முட்டியைக் கொஞ்சம் தளர்த்தி நிற்க வேண்டும். முங்குவதற்கு முட்டளவு தண்ணீரே போதும், உட்கார்ந்து முங்கலாம். ஆறு கஜப் புடவை தண்ணீரில் காலைக் கட்டிப்போடும், சுடிதார் நல்லது. கொலுசையும் மெட்டியையும் கழற்றி வைத்துவிட்டு இறங்குங்கள். எனக்குக் கால் வீங்கி, கொலுசைக் கட்டர் வைத்து வெட்டித்தான் எடுத்தார்கள், அம்மா போட்ட கொலுசு. விரதம் இருப்பவர்கள் இறங்கும் முன் மோரோ இளநீரோ குடித்துவிடுங்கள், முருகன் கோபித்துக்கொள்ள மாட்டார்.

கள்ளக்கடல் என்று ஒன்று உண்டு. நம் கரையில் காற்றே இருக்காது, வானம் தெளிவாக இருக்கும், ஆனால் தெற்கே இந்தியப் பெருங்கடலில் எங்கோ அடித்த புயலின் அலை சில நாள் கழித்து இங்கே வந்து சேரும். சித்திரை, வைகாசியில் இது அடிக்கடி வரும். 2024 மே மாதம் கன்னியாகுமரி மாவட்டம் லெமூர் கடற்கரையில் மருத்துவ மாணவர்கள் ஐந்து பேரை அலை கொண்டுபோனது இந்த எச்சரிக்கை இருந்த நேரத்தில்தான். ஹைதராபாத்தில் இருக்கும் இன்காய்ஸ் என்ற மத்திய அரசின் கடல் தகவல் மையம் இதை முன்கூட்டியே அறிவிக்கிறது, செய்தியிலும் வரும். பஞ்சாங்கத்தில் திதி பார்க்கிற அன்றே இதையும் பார்த்துவிடுங்கள். திதியும் ராத்திரி பன்னிரண்டுக்குத் தொடங்கி மறுநாள் பன்னிரண்டுக்கு முடிவதில்லை. மதியம் தொடங்கி மறுநாள் மதியம் முடிகிற பௌர்ணமியும் உண்டு. காலண்டரில் போட்டிருக்கிற தேதியைப் பார்த்து மட்டும் பஸ் ஏறினால் ஒரு நாள் வீணாகும். கடற்கரையில் ராத்திரி தங்க விடுவார்களா என்பதும் எப்போதும் ஒரே மாதிரி இல்லை. அன்றைய கோவில் அறிவிப்பைக் கேட்டுக்கொண்டு கிளம்புங்கள்.

விபத்துக்குப் பிறகு நடந்ததுதான் எனக்குப் பெரிய கொடுமை. 108 வந்தது, அரசு ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுத்தார்கள், கணுக்காலில் இரண்டு பக்கமும் முறிவு, ஆபரேஷன் தேவை, தூத்துக்குடி போங்கள் என்றார்கள். என் பை மணலில் கிடந்தது. போன், பணம், மாற்றுத் துணி எல்லாம் அதில். கயத்தாறுக்கார அம்மா அதைக் கண்டுபிடித்து, தன் குடும்பத்தின் தரிசனத்தை விட்டுவிட்டு ஆஸ்பத்திரிக்கே கொண்டுவந்து கொடுத்தார். அவர் மட்டும் இல்லையென்றால் என் தங்கையின் நம்பர்கூட எனக்கு மனப்பாடம் இல்லை. போன் லாக் ஆகியிருந்ததால் அதுவரை யாரும் யாரையும் கூப்பிட முடியவில்லை. தங்கை திருப்பூரில் இருக்கிறாள், வர ராத்திரி ஆகும். தூத்துக்குடியில் யார் பார்த்துக்கொள்வது, மதுரைக்கே போய்விடலாம் என்று தனியார் ஆம்புலன்ஸ் பிடித்தோம், 9,000 ரூபாய். மதுரையில் ஒரு தனியார் மருத்துவமனையில் சேர்த்தார்கள். முதலமைச்சர் காப்பீட்டு அட்டை என்னிடம் உண்டு. அது வீட்டுப் பீரோவில் இருந்தது. கையில் அட்டை இல்லாமல் சேர்க்க முடியாது, முன்பணம் கட்டுங்கள் என்று 40,000 கேட்டார்கள். ரேஷன் கார்டு, ஆதார் நம்பரை வைத்தே அட்டையைத் தேடி எடுக்கலாம் என்பது எனக்கு டிஸ்சார்ஜ் ஆன பிறகுதான் தெரியும். தகடும் ஸ்க்ரூவும் வைத்து, மருந்து, ரூம் எல்லாம் சேர்த்து 1,10,000 ஆனது. அம்மாவின் சங்கிலி அடகுக் கடைக்குப் போனது, இன்னும் மீட்கவில்லை.

தயவுசெய்து கிளம்பும் முன் காப்பீட்டு அட்டை, ஆதார், ரத்த வகை மூன்றையும் போட்டோ எடுத்து, வேண்டியவர்கள் இரண்டு பேருக்கு அனுப்பி வையுங்கள். ஒரு சின்னத் தாளில் இரண்டு போன் நம்பர் எழுதி, பிளாஸ்டிக் உறையில் போட்டு உடம்போடு வைத்துக்கொள்ளுங்கள். போனில் பூட்டைத் திறக்காமலே அவசர எண் தெரிகிற வசதி இருக்கிறது, அதைப் போட்டு வையுங்கள். மாத்திரை சாப்பிடுகிறவர்கள் அதன் பெயரையும் அந்தத் தாளில் எழுதுங்கள். கால் மடங்கினால் யார் என்ன சொன்னாலும் எண்ணெய் போட்டு உருவ விடாதீர்கள், அசையாமல் அட்டை வைத்துக் கட்டி எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துவிட்டுத்தான் மற்றது. பாறை கிழித்திருந்தால் டெட்டனஸ் வராமல் இருக்க டிடி ஊசி போட்டுக்கொள்ளுங்கள்.

ஆறு வாரம் காலை ஊன்றக் கூடாது என்றார் டாக்டர். ஆடி முழுக்கக் கட்டிலில். ஆவணி முகூர்த்தத்துக்கு வாங்கி வைத்திருந்த பட்டு பிளவுஸ் துணிகளை ஒவ்வொருவராக வந்து திருப்பி வாங்கிப் போனார்கள். ஆரி வேலைக்கு அட்வான்ஸ் கொடுத்த கல்யாணப் பொண்ணு, "பரவாயில்ல அக்கா, உடம்பப் பாத்துக்கோங்க" என்று சொல்லிவிட்டுத்தான் போனாள். அவள் போன பிறகு அழுதேன். மெஷின் பெடல் வலது காலில்தான். கட்டு பிரித்த பிறகும் கணுக்கால் மடங்கவில்லை, பிசியோதெரபிக்கு ஒரு தடவைக்கு 300 ரூபாய். இடது காலால் பெடலை மிதித்துத் தைக்கப் பழகினேன், நேர்கோடு வர வெகு நாள் ஆனது.

அந்த நாட்களில் வலியைவிடப் பயம்தான் அதிகம். ஆடிப் பௌர்ணமி வந்தது, போக முடியவில்லை, கணக்கு அறுந்துவிட்டது. ஜாதகம் பார்த்தவரிடம் கேட்டேன். கால் உடைந்ததே தோஷத்தால்தான், பரிகாரம் செய்து மறுபடி தொடங்க வேண்டும், 18,000 ஆகும் என்றார். படுக்கையில் கிடக்கிற ஒருத்தியிடம் இப்படிப் பேச எப்படி மனசு வருகிறதோ. இரண்டு ராத்திரி அதை நினைத்தே தூங்கவில்லை, பணம் புரட்ட யாரைக் கேட்கலாம் என்றுகூட யோசித்தேன். அப்புறம் செந்தூரில் எங்களுக்கு வழக்கமாக அர்ச்சனை செய்து தரும், பரம்பரைக் கோவில் ஊழியரான திரிசுதந்திரர் ஒருவருக்கு போன் போட்டேன். வயதானவர். முழுதும் கேட்டுவிட்டு, "நோவுல கெடக்கிறவங்களுக்கு ஏதும்மா விரதம்? ஒரு செம்புத் தண்ணிய வச்சு முருகான்னு சொல்லி தலையில தெளிச்சுக்கோங்க, அது போதும். காசு யாருக்கும் குடுக்காதீங்க" என்றார். பன்னீர் இலையில் வைத்துத் தருகிற இலை விபூதியைத் தபாலில் அனுப்பியும் வைத்தார். அதற்கு ஒரு பைசா வாங்கவில்லை.

அன்று முதல் வீட்டில்தான். பௌர்ணமி சாயங்காலம் மாடியில் ஒரு குடம் தண்ணீர் நிரப்பி, மேலே மெல்லிய வெள்ளைத் துணி கட்டி வைப்பேன். துணி கட்டாமல் விட்டால் கொசு முட்டையிடும், தூசி விழும். அந்தத் தண்ணீரைக் குடிப்பதில்லை, குளிக்க மட்டும். எலுமிச்சம்பழத்தையும் உப்பையும் செம்புப் பாத்திரத்தில் போட்டு ராத்திரி முழுக்க வைக்கச் சொல்கிறார்கள், அதைச் செய்யாதீர்கள், செம்பு கரைந்து இறங்கும். நிலா மொட்டை மாடிக்கு மேலே வந்ததும் ஸ்டூலில் உட்கார்ந்து சொம்பு சொம்பாக மெதுவாக ஊற்றிக்கொள்வேன். ஒவ்வொரு சொம்புக்கும் அம்மாவிடம் ஒரு விஷயம் சொல்வேன், கடையில் நடந்தது, தங்கை பிள்ளை மார்க் வாங்கினது. நின்றபடி குளிப்பதில்லை, மாடித் தரை ஈரத்தில் வழுக்கும். ரப்பர் மேட் ஒன்று வாங்கிப் போட்டிருக்கிறேன், 250 ரூபாய். போக்குவரத்து, சாப்பாடு, ரூம் என்று மாதம் 2,000 போய்க்கொண்டிருந்தது, இப்போது அது அடகு வட்டிக்குப் போகிறது. தூக்கம் கடல் கொடுத்த அளவுக்கு இல்லை என்பதையும் மறைக்கவில்லை. ஆனால் வருகிறது. முழிப்பு வந்த ராத்திரிகள் நீண்டுகொண்டே போனால் ஒரு மனநல டாக்டரையும் பாருங்கள். நான் பார்த்தேன். துக்கத்துக்கு மருந்தும் பேச்சும் உண்டு என்று அவர் சொன்னபோது எனக்கு வெட்கமாக இல்லை, பாரம்தான் குறைந்தது.

மாசி மகத்துக்குச் செந்தூர் போகிறேன், தங்கையோடு. ஒருத்தி தண்ணீரில் இருக்கும்போது இன்னொருத்தி பையோடு கரையில் நிற்பது என்று பேசி வைத்திருக்கிறோம். நாழிக்கிணற்றுப் படி ஈரமாக இருக்கும், வயதானவர்கள் கைப்பிடியைப் பிடித்துத்தான் இறங்க வேண்டும், எனக்கும் இப்போது அதே விதி. கூட்டம் குறைவாக வேண்டும் என்றால் மகத்துக்கு முந்தின நாளே போய்விடுங்கள், நாங்களும் அப்படித்தான் டிக்கெட் எடுத்திருக்கிறோம். கயத்தாறுக்கார அம்மாவும் வருகிறார்.